ரெண்டு சட்டி அக்கா

அந்த அக்காவிடம் போய் "இன்னைக்கு வெயில் ஜாஸ்திக்கா" என்று மட்டும் யாரும் சொல்லிவிடக் கூடாது. "எதவிட?" என்று கேட்பாள். "நேத்தவிட" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டோமோ, தீர்ந்தது. அன்றைக்கே அவள் வீட்டுக் கொடியில் ஒரு முழத் துணி ஈரத்தோடு தொங்கும். மறுநாள் அதே துணி, அதே அளவு தண்ணீரில் நனைத்து, அதே இடத்தில். நாம் சொன்னதையே நாம் மறந்துபோன மூன்றாம் நாள் வந்து நின்று, "இன்னைக்குச் சொல்றேன் கேளு. வெயில் ஜாஸ்தியாத்தான் ஆவுது. ஆனா நீ பொலம்புற அளவுக்கு இல்ல" என்பாள்.

புதுச்சேரி நெல்லித்தோப்பில் எங்கள் வீட்டுச் சுவரை ஒட்டிய ஒற்றை அறையில் அவள் குடியிருந்தாள். இது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் நடந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அப்போது முப்பது வயது, அவளுக்கு என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு கூட இருக்கும். பெரிய வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், வெள்ளைக்காரத் தெருவில் ஒரு துரை வீட்டில் சமையல் வேலை. புருஷன் சைகோனுக்குக் கப்பலேறிப் போனவன் போனவன்தான். வருவான் என்று சிலர் சொன்னார்கள், வரமாட்டான் என்று சிலர் சொன்னார்கள். உலகத்தில் அவள் சோதித்துப் பார்க்காமல் விட்டது அந்த ஒன்றைத்தான்.

மற்ற எல்லாவற்றையும் சோதித்துப் பார்த்தாள். அதற்கு அவளிடம் இரண்டு சட்டிகள் இருந்தன. ஒரே குயவரிடம் ஒரே நாளில் வாங்கியவை, ஒரே அளவு. பருப்புக்கு உப்பை முதலில் போடுவதா, வெந்த பிறகு போடுவதா என்று தெருவில் பேச்சு வந்தால் நாங்கள் எல்லாம் அவரவர் மாமியார் சொன்னதைச் சொல்லிச் சண்டை போடுவோம். அவள் எழுந்து வீட்டுக்குள் போய்விடுவாள். சற்று நேரத்தில் இரண்டு அடுப்பிலும் புகை வரும். ஒரு சட்டியில் முதலில் உப்பு, இன்னொன்றில் பின்னால் உப்பு. வெந்ததும் நம் உள்ளங்கையில் இரண்டிலிருந்தும் ஒவ்வொரு பருப்பை வைத்து, "நசுக்கிப் பாரு, எது குழையுது?" என்பாள். அதனால்தான் ரெண்டு சட்டி அக்கா. முகத்துக்கு நேராகவே அப்படிக் கூப்பிட்டோம். அவளுக்கு அதில் பெருமைதான்.

அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கண்டுபிடித்ததை எல்லாம் அடுப்புக்கரியால் சுவரில் கோடு போட்டு வைத்திருந்தாள். வட்டம் போட்டால் பருப்பு, வட்டத்துக்கு மேல் புள்ளி வைத்தால் உப்பு, சாய்ந்த கோடு விறகு. எங்கள் கண்ணுக்குக் குழந்தை கிறுக்கியது போலத் தெரியும். அவளோ சுவரைத் தடவிப் பார்த்தே, "போன மழைக்கு சவுக்கு விறகவிட வேலிக்காத்தான் நல்லா எரிஞ்சிருக்கு" என்று சொல்லுவாள்.

உபதேசியார் கதையைச் சொல்லாவிட்டால் எனக்கு நெஞ்சு ஆறாது. நான் அப்போது ஆப்பம் சுட்டு விற்றுக்கொண்டிருந்தேன். முதல் சங்கு ஊதுவதற்கு முன்னால் மில்லுக்குப் போகிறவர்கள் எங்கள் வாசலில் நின்று தின்றுவிட்டுத்தான் போவார்கள். மாவு பொங்கக் கொஞ்சம் கள் ஊற்றுவேன், எல்லாரும் ஊற்றுவதுதான். எங்கள் மாதா கோயில் உபதேசியாருக்கு அது பிடிக்கவில்லை. "கள்ளு கலந்த மாவு ஒரு மாதிரி நாறும், ஒரு வாயிலயே நான் கண்டுபுடிச்சிடுவேன்" என்று பூசை முடிந்து வந்த பெண்கள் நடுவில் சொன்னார். அக்காவும் அங்கே நின்றிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததுமே அடுத்து என்ன நடக்கும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அடுத்த ஞாயிறு உபதேசியாரை அழைத்து உட்கார வைத்தாள். ஒரு சட்டி மாவு கள் ஊற்றியது. இன்னொரு சட்டி மாவு, தேங்காய்த் தண்ணீரில் சர்க்கரை போட்டுப் புளிக்க வைத்து ஊற்றியது. அவர் முதல் இலையில் ஒரு விள்ளல் வாயில் போட்டதும் முகத்தைச் சுளித்து, "இது கள்ளு. எடுத்துட்டுப் போங்க" என்றார். இரண்டாவது இலையில் இருந்ததை நாலு தின்றார். கை கழுவிவிட்டு, "ஆப்பம்னா இது ஆப்பம், மாதாவுக்கு ஸ்தோத்திரம்" என்றார். நான் அக்காவின் முந்தானையைப் பிடித்து இழுத்தேன். சொல்லித் தொலைக்காதே என்று கண்ணால் கெஞ்சினேன். அவள் கேட்கவில்லை.

"உபதேசியாரே, நீங்க நாலு தின்னதுதான் கள்ளு."

ஆறு மாதம் அவர் எங்கள் தெருப்பக்கம் வரவில்லை. பிறகு ஒரு நாள் காலையில் வந்து ரெண்டு ஆப்பம் கட்டித் தரச் சொன்னார். எந்தச் சட்டி என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அந்த வருஷம் கிறிஸ்துமசுக்கு அவள் அறையை வாடகைக்கு விட்டிருந்தவர் அதற்கு வெள்ளையடித்தார். நல்ல எண்ணத்தில்தான் செய்தார், பாவம். அவள் வேலைக்குப் போயிருந்த நேரம் பார்த்து ஆள் விட்டு நாலு சுவரையும் பளபளவென்று பண்ணி வைத்துவிட்டார். திரும்பி வந்த அக்கா வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். எத்தனை வருஷத்துச் சட்டி, எத்தனை வருஷத்து விறகு, எல்லாம் சுண்ணாம்புக்கு அடியில் போய்விட்டது. நான் அழுவாள் என்று நினைத்தேன். அவள் சுவரை விரலால் தொட்டுப் பார்த்து, "எனக்கு எழுதறதுக்கு ஒரு ஆளு வேணும்டி" என்றாள். அன்று மாலையே பருப்பை ஊறப்போட்டு முதலிலிருந்து தொடங்கிவிட்டாள்.

இது நடந்து இரண்டு மாதத்துக்குள் என் மகள் லூர்துவின் விஷயம் வந்தது.

லூர்துவுக்குப் பதினொரு வயது. கன்னியாஸ்திரீகள் பள்ளிக்கூடத்தில் படித்தாள். அந்த வருஷம் செர்த்திபிகா எழுதவேண்டும். பிரெஞ்சு அரசாங்கத்தில் ஆரம்பப் படிப்பை முடித்ததற்கு வைக்கிற பரீட்சை அது. அதில் தேறினால் மேலே படித்து டீச்சராகலாம். என் மகளை டீச்சரம்மா என்று யாராவது கூப்பிடுவதைக் கேட்கவேண்டும் என்று எனக்குக் கொள்ளை ஆசை. ஆனால் விடியற்காலையில் ஆப்பத்துக்கு அவள் இல்லாமல் ஒன்றும் நடக்காது. தேங்காய் துருவுவது, பால் பிழிவது, தண்ணீர் எடுப்பது, அடுப்பு ஊதுவது எல்லாம் அவள்தான். வாரத்தில் நாலு நாள் பள்ளிக்கூட மணி அடித்த பிறகுதான் போய்ச் சேருவாள். தலை எல்லாம் சாம்பல், விரலில் தேங்காய்ப் பூ.

சேர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். புதுச்சேரியில் கன்னியாஸ்திரீயை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். "வரப்போற மாசம் முழுக்க ஒரு நாள்கூடத் தப்பாம நேரத்துக்கு வந்தாதான் இவ பேரை எழுதுவேன். இல்லேன்னா இந்த வருஷம் கெடையாது" என்றார்கள். கோபமாகச் சொல்லியிருந்தாலாவது சண்டை போட்டிருப்பேன். வருத்தமாகச் சொன்னார்கள்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் எங்கள் வீட்டுக்காரர் கயிற்றுக் கட்டிலில் படுத்தபடியே தீர்ப்புச் சொன்னார். அவருக்கு மில்லில் மத்தியான முறை, காலை முழுக்க அந்தக் கட்டில்தான். "நிறுத்திடு. பொம்பளப் புள்ள படிச்சது போதும். உன்கூட நின்னுச்சுன்னா இன்னொரு அடுப்பு போடலாம்." உண்மையைச் சொல்கிறேன், எனக்கு ஒரு நிமிஷம் அது சரிதான் என்றுகூடப் பட்டது. அவ்வளவு அலுப்பு. ஆனால் லூர்து அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஊதுகுழலை எடுத்து அடுப்பை ஊதினாள். அந்நேரம் அடுப்பில் நெருப்பே இல்லை.

அக்கா அன்று சாயங்காலமே வந்தாள். கட்டிலுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"தம்பி, மாசம் பொறக்க இன்னும் பதினஞ்சு நாள் இருக்குது இல்ல?"

"இருக்குதுக்கா."

"அது வரைக்கும் நிறுத்தாத. காலையில இந்த வூட்டுல நேரம் எங்க போவுதுன்னு நான் பாத்துச் சொல்றேன்."

"இதுல பாக்கறதுக்கு இன்னாக்கா இருக்குது? வேல ஜாஸ்தி."

"எதவிட?" என்றாள் அக்கா. அவர் சுவர்ப் பக்கம் புரண்டு படுத்தார். பிறகு அவள் சொன்னாள், "தோ பாரு, உன் பொண்ணு மேல எனக்கு ஒண்ணும் பெரிய பாசம் கெடையாது. அவ படிச்சாதான் என் சட்டிக் கதையெல்லாம் எழுதுவா. நானும் எம்மா நாளைக்குத்தான் சுவத்துல கிறுக்கறது?"

பொய். லூர்துவுக்குக் காய்ச்சல் வந்தபோது துரை வீட்டிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை முந்தானையில் முடிந்து கொண்டுவந்தவள் அவள்தான்.

அக்காவுக்கு முதலில் சந்தேகம் அடுப்பின் மேல். புகை அடிக்கிறது, அதனால்தான் நேரம் ஆகிறது என்றாள். தானே களிமண் பிசைந்து, கொஞ்சம் உயரமாக, பின்னால் புகை போகத் துளை வைத்து எங்கள் கூடத்துக்குப் பின்புறம் புது அடுப்பு ஒன்று போட்டாள். காய்ந்ததும் சோதனை. என்னிடம் ஆப்பச்சட்டி ஒன்றே ஒன்றுதான். அதனால் ஒரு நாள் பழைய அடுப்பில் பத்து ஆப்பம், மறுநாள் புது அடுப்பில் பத்து ஆப்பம். எதில் நேரம் குறைவு?

எங்கள் தெருவில் யார் வீட்டிலும் கடிகாரம் இல்லை. நாங்கள் ஜெபத்தால்தான் நேரம் பார்ப்போம். முட்டை வேக மாதாவுக்குச் சொல்கிற பிரியதத்த மந்திரம் இத்தனை தடவை, சோறு வேக முழு ஜெபமாலை என்று ஒவ்வொருத்திக்கும் கணக்கு உண்டு. அதனால் அடுப்புக்கு முன்னால் நின்று மந்திரம் சொல்லி எண்ணுவது என் பொறுப்பு. முதல் நாள் பழைய அடுப்பில் பத்து ஆப்பம் சுடுவதற்குள் ஜெபமாலை ஒரு சுற்று முடிந்து மேலே இன்னும் இருபது மணிகள் உருண்டுவிட்டன. மறுநாள் புது அடுப்பில் ஒரு சுற்றுக்கூட முடியவில்லை. நான் துள்ளிக் குதித்தேன். கட்டிலில் இருந்த மனுஷர்கூட எழுந்து வந்து புது அடுப்பைப் பார்த்தார்.

அக்கா மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏண்டி, நேத்து மந்திரத்த வண்டி ஓட்டுற மாதிரி கடகடன்னு ஓட்டுனே. இன்னைக்குக் கண்ண மூடிக்கிட்டு ஒவ்வொரு சொல்லா நிறுத்திச் சொல்றே. புது அடுப்பு மேல உனக்கு எங்கேருந்துடி அம்மாம் பக்தி வந்துச்சு?"

எனக்குச் சுரீர் என்றது. சத்தியமாக நான் வேண்டுமென்று செய்யவில்லை. அந்த அடுப்பு ஜெயிக்கவேண்டும் என்று மனசு தவித்தது. மாதாவை உருகி உருகிக் கூப்பிட்டேன், அதனால் எண்ணிக்கை குறைந்துபோனது. லூர்து விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்துவிட்டேன், வேறென்ன செய்ய?

"இந்த வேலைக்கு இந்த மந்திரம் தெரியாத ஆளுதான் வேணும்" என்றாள் அக்கா.

ஆள் கிடைத்தது. வீராம்பட்டினத்திலிருந்து கூடை தூக்கி வரும் மீன்காரி. கரையில் மீன் எண்ணி எண்ணிப் பழகியவள். ஒன்றை லாபம் என்று சொல்லி, "லாபம், ரெண்டு, மூணு" என்று தொடங்கினால் இடி விழுந்தாலும் அவள் எண்ணுகிற வேகம் மாறாது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் அவளைப் பிடித்து, அடுப்புக்கு முதுகு காட்டி உட்கார வைத்தாள் அக்கா.

"எதுக்கு எண்ணணும்?" என்றாள் மீன்காரி.

"அதச் சொல்ல மாட்டேன்."

"மீனும் இல்ல, ஒண்ணும் இல்ல, வெறும் வாயால எண்ணணுமா? நல்ல தெருவுக்கு வந்து மாட்டுனேன்டாப்பா. சரி எண்ணுறேன். என் கூடைய பூனை தொட்டுச்சுன்னா உங்க ரெண்டு பேரையும் சும்மா வுட மாட்டேன்."

அதே ஆப்பச்சட்டி. முதலில் பழைய அடுப்பு, அடுத்துப் புது அடுப்பு. மீன்காரி அசையாமல் எண்ணி முடித்தாள். இரண்டு அடுப்புக்கும் அவளுடைய எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றேதான். புது அடுப்பில் புகை குறைவு, கண் எரியவில்லை, அவ்வளவுதான். நேரம் துளியும் மிச்சம் இல்லை.

நான் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். பதினைந்து நாளில் ஒன்பது நாள் போய்விட்டது. அக்காவோ ஏதோ பரிசு கிடைத்தவள் மாதிரி சந்தோஷமாக இருந்தாள். "அடுப்பு இல்லன்னு தெரிஞ்சிபோச்சு பாத்தியா? இனிமே அடுப்ப நெனச்சி நேரத்த வீணாக்க வேணாம்" என்றாள். இப்படியும் ஒரு மனுஷி உண்டா என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

மறுநாள் விடியற்காலையில் அவள் தன் இரண்டு சட்டிகளையும் தூக்கிக்கொண்டு வந்தாள். மடியில் புளியங்கொட்டை. அம்மிக்குப் பக்கத்து மூலையில் உட்கார்ந்து இரண்டு சட்டியையும் இரு பக்கமும் வைத்துக்கொண்டாள். என்ன எண்ணுகிறாய் என்று கேட்டேன். "ஆப்பம்" என்றாள். இரண்டாவது சங்கு ஊதியதும் எழுந்து துரை வீட்டுக்குப் போனாள். இப்படி மூன்று நாள். அவ்வப்போது டொக்கென்று ஒரு கொட்டை விழும் சத்தம் கேட்கும். வியாபார மும்முரத்தில் நான் அதைக் கவனிக்கவே இல்லை.

நாலாவது நாள் ஞாயிறு இல்லை, ஆனாலும் வேலைக்குப் போகாமல் நின்றாள். மில்லுக்குப் போகிற கூட்டம் கலைந்ததும் முறத்தை எடுத்துப் போட்டு, முந்தின நாளின் ஒரு சட்டியை அதில் கவிழ்த்தாள். கொட்டை குவிந்தது. எண்ணச் சொன்னாள். அறுபத்து மூன்று.

"நான் அறுபத்து மூணு ஆப்பத்துக்கு மேல சுட்டேனேக்கா."

"இது ஆப்பம் இல்லடி. ஒரு காலையில நீ 'லூர்து'ன்னு கூப்ட்டது."

எனக்குப் புரியவில்லை. அவள் விரல் மடக்கிச் சொல்லத் தொடங்கினாள். "அந்தப் புள்ள ஒரு தேங்காய எடுத்துத் துருவ உக்காந்துச்சு. முடிக்கறதுக்குள்ள பதினோரு வாட்டி எழுந்துடுச்சு. லூர்து எல எடு. லூர்து தண்ணி ஊத்து. லூர்து வாசல்ல யாரு. லூர்து கரண்டி எங்க. கரண்டி உன் கையில இருந்துச்சுடி. அவ வந்து அதச் சொல்லிட்டுப் போய்த் திரும்ப உக்காந்தா. வேல ஜாஸ்தி இல்ல. நீ ஒரு வேலையையும் முடிக்க வுடல."

"சரி, அந்தச் சட்டி?" என்றேன்.

இரண்டாவது சட்டியைக் கவிழ்த்தாள். ஒரே ஒரு கொட்டை முறத்தில் உருண்டு ஓரத்தில் போய் நின்றது.

"அது அந்தோணிய கூப்ட்டது. 'எழுந்து வந்து சாப்புடு கண்ணு'ன்னு."

அந்தோணி என் மகன். லூர்துவைவிட ஒரு வயது மூத்தவன். பள்ளிக்கூடத்துக்கு ஒரு நாள் தாமதமாகப் போனதில்லை. அவனைச் சொல்லிச் சொல்லித்தான் நான் லூர்துவைத் திட்டுவேன், "உங்க அண்ணன் எப்படி நேரத்துக்குப் போறான், உனக்கு இன்னாடி கேடு?" என்று.

எனக்கு மளுக்கென்று கண்ணீர் வந்துவிட்டது. கூடவே கோபமும். "எங்கிட்ட ஏன்க்கா முன்னாடியே சொல்லல?"

"சொன்னா நீ பக்தியா கூப்புடுவே."

கட்டிலில் இருந்து ஒரு சிரிப்புச் சத்தம். எங்கள் வீட்டுக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அக்கா அவர் பக்கம் திரும்பினாள். "நீ ஏன் தம்பி சிரிக்கிற? உனக்கு நான் சட்டியே வெக்கல." சிரிப்பு பாதியில் நின்றது.

"அவன் ஆம்பளப் புள்ள, அக்கா" என்றேன்.

"ஆமா. அதனால காது கேக்காதா?"

இனி என்ன செய்வது என்று கேட்டேன். அவள் புத்தி எதுவும் சொல்லவில்லை. அவளிடம் அந்தப் பழக்கமே கிடையாது. "வெச்சிப் பாப்போம்" என்றாள். லூர்துவுக்கு ஒரு தேங்காய், ஒரு குடம் தண்ணீர், அவ்வளவுதான். அதை முடித்ததும் தலை வாரிக்கொண்டு கிளம்பிவிட வேண்டும். கரண்டி, இலை, கத்தி எல்லாம் என் கை நீட்டினால் எட்டுகிற இடத்தில் ஆணியடித்து மாட்டவேண்டும். அதற்கு மேல் வாய் அரித்தால் அந்தோணியைக் கூப்பிடவேண்டும். புது மாசம் பிறந்தது, நாங்களும் தொடங்கினோம்.

அந்த மாசத்தை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வருகிறது. என் வாய் என்ன சொன்னாலும் கேட்காது. "லூ" என்று தொடங்கிவிடும். மூலையில் அக்கா கொட்டையைத் தூக்குவாள். நான் அவசரமாக "அந்தோணி!" என்று முடிப்பேன். மில்லுக்குப் போகிறவர்கள் அவனுக்கு லூவந்தோணி என்றே பேர் வைத்துவிட்டார்கள். முதல் நாள் அவன் துருவிய தேங்காயில் பாதி அவன் விரல். "இது என் வேல இல்ல" என்று குதித்தான். "இருக்கலாம்டா கண்ணு, ஒரு வாரம் செஞ்சு பாத்துட்டுச் சொல்லு" என்றாள் அக்கா. ஒரு வாரம் கழித்து ஆப்பச்சட்டியைச் சுழற்றுவதை அவன் என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டான். ஓரம் அத்தனை மெல்லிசாக எனக்கு இன்றுவரை வந்ததில்லை, அந்த எரிச்சல் எனக்கு உண்டு.

லூர்து தினமும் மணி அடிப்பதற்கு முன்னால் போய்ச் சேர்ந்தாள். மாசம் முடிய மூன்று நாள் இருக்கும்போது அந்தோணிக்குக் காய்ச்சல் கண்டது. நல்ல கூட்டம் வாசலில். தேங்காய்ப்பால் தீர்ந்துவிட்டது. ஒருத்தர் இலை கேட்கிறார், இன்னொருத்தர் சங்கு ஊதப்போகிறது என்று கத்துகிறார். லூர்து தலை வாரிப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு படி இறங்குகிறாள். என்னைப் பார்த்துத் தயங்கி நின்றாள். நான் வாயைத் திறந்துவிட்டேன். பேர் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. மூலையில் அக்கா கொட்டையைக் கையில் எடுத்தாள்.

நான் திரும்பிக் கட்டிலைப் பார்த்தேன். "இந்தாங்க!" என்று போட்டேன் ஒரு சத்தம். கல்யாணம் ஆனதிலிருந்து அந்த மனுஷரை அப்படிக் கூப்பிட்டதில்லை. வாசலில் இருந்த அத்தனை பேரும் உள்ளே எட்டிப் பார்த்தார்கள். அவர் எழுந்து உட்கார்ந்தார். வேட்டியை மடித்துக் கட்டினார். "இன்னா பண்ணணும், சொல்லு" என்றார்.

டொக் என்று சத்தம் கேட்டது. பார்த்தால் அக்காவுக்கு எதிரே மூன்றாவதாக ஒரு சட்டி. புதுசு. எத்தனை நாளாக அதை முந்தானைக்குள் மறைத்து எடுத்து வந்துகொண்டிருந்தாளோ!

"போடி, மணி அடிக்கப் போவுது" என்றாள் லூர்துவிடம். அவள் ஓடினாள்.

சேர் பேரை எழுதினார்கள். லூர்து பரீட்சை எழுதினாள். முடிவு சொல்லுகிற நாளில் நானும் அக்காவும் என் வாசலில் உட்கார்ந்து புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தோம். அவள் துரை வீட்டிலிருந்து சீக்கிரம் வந்துவிட்டாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை. வெயில் தாழ்ந்த நேரம். தெருக்கோடியில் லூர்து வருவது தெரிந்தது. சூரியன் அவளுக்குப் பின்னால் இருந்ததால் முகம் தெரியவில்லை. "அம்மா!" என்றாள். அழுகிறாளா சிரிக்கிறாளா, எனக்குப் பிடிபடவில்லை. "அம்மா! அம்மா!" என்று கூப்பிட்டுக்கொண்டே வருகிறாள். பயத்தில் என்னால் எழுந்திருக்க முடியவில்லை. புளியைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்தே இருந்தேன்.

அக்கா மடியில் இருந்த கொட்டைகளைப் பார்த்தாள்.

"பதினேழு வாட்டி கூப்ட்டுட்டாடி. நீ ஒரு வாட்டிகூட போவல."

அப்புறம்தான் எழுந்து ஓடினேன். பாதித் தெருவில் அவளைப் பிடித்துக்கொண்டேன். "பாஸும்மா, பாஸ்" என்றாள். என் கையில் இருந்த புளி முழுக்க அவள் சட்டையில் அப்பிக்கொண்டது.

அன்று சாயங்காலமே அக்கா ஒரு புது நோட்டோடு வந்து லூர்துவுக்கு எதிரே சப்பணமிட்டு உட்கார்ந்தாள். வெள்ளையடித்துப் போனதை எல்லாம் பருப்பிலிருந்து தொடங்கப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் முதலில் சொன்னது வேறு. லூர்து கோணல் இல்லாத எழுத்தில் எழுதினாள். "அம்மாவைக் கூப்பிட்டது பதினேழு தடவை. அம்மா வந்தது ஒரு தடவை."

"ஓடி வந்தாள்னு போடு" என்றாள் அக்கா. "நான் பாத்தேன்."

லூர்து அதையும் எழுதினாள்.